அசைந்தது என் தோள்

நேற்று ஜோலார்பேட்டை ரயில்வே மைதானத்தில் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு ஓட்டப்போட்டி. தொடங்கிவைக்கும் துப்பாக்கியை என் கையில் கொடுத்திருந்தார்கள். முதல் வெடியின் கந்தக வாசனை மூக்கில் ஏறியது. துப்பாக்கியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு மர நிழலில் போய் உட்கார்ந்துவிட்டேன். நீ இறந்துபோய் ஐந்து மாதமாகிறது.

உள்ளரங்க ஓட்டப்போட்டிக்கு நாம் சேர்ந்து போன அந்த அரங்கத்தை நீயும் மறந்திருக்க மாட்டாய். வெளியே பனி, உள்ளே, கூரைக்கு அடியில் நீலத் தடம். "இன்னாடி இது, கல்யாண மண்டபத்துல ஓடவுடற மாதிரி இருக்குது" என்று சிரித்தாய். வெறும் அறுபது மீட்டர். ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்த நீ, முதல் சுற்றில் என்னைவிட வேகமாக ஓடியிருந்தாய். நம் இருவரில் ஒருத்தி இறுதிக்குப் போவதென்றால் அது நீதான் என்று பயிற்சியாளர் என் காதுபடவே சொன்னார்.

அரையிறுதியில் நமக்கு அடுத்தடுத்த தடங்கள். "செட்" என்றதும் இடுப்பை உயர்த்தினோம். வெடி கேட்கத் தாமதமானது. அப்போது என் தோள் துடித்தது. பாதம் காலூன்றும் கட்டையை விட்டு எழாததால் அதிலிருந்த கருவியில் எதுவும் பதியவில்லை. அந்த அசைவை ஓரக்கண்ணால் கண்டு நீ வெடிக்கு முன்பே பாய்ந்துவிட்டாய்.

நடுவர், போட்டியிலிருந்து நீக்கும் சிவப்பு அட்டையோடு உன் முன்னால் வந்து நின்றார். "பக்கத்துல இன்னமோ அசஞ்சுது சார்" என்று பயிற்சியாளரைப் பார்த்துச் சொன்னாய். அவர் தடுப்புக்கு அப்பாலிருந்து என்னிடம் கேட்டார்.

"நீ அசஞ்சியாம்மா? அசஞ்சிருந்தா சொல்லு, அவள ஓடவுடச் சொல்லிக் கேக்கலாம்."

"இல்ல சார்."

தெரியாமல் சொல்லவில்லை. நீ ஓடினால் எனக்கு இறுதிச் சுற்றில் இடமில்லை என்பது அந்த நொடியில் நன்றாகத் தெரிந்தது. இறுதியில் கடைசியாகத்தான் வந்தேன். ஆனால் அதில் ஓடியவள் என்பதே எனக்கு ரயில்வே வேலையை வாங்கித் தந்தது. நீ மறுபடியும் தையல் மிஷினுக்குப் போனாய்.

ஊர் திரும்பும் ரயிலில் நீதான் எனக்கு ஆறுதல் சொன்னாய். "நான் அவசரப்பட்டுக் கெடுத்துக்கிட்டேன். நீயாவது போனியே, அது போதும்." அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம், நீ செய்யாத தப்பைத் திருத்திக்கொண்டிருந்தாய். வேலூர் மைதானத்தில் விடிகாலையில் வெடிக்குப் பதிலாக நான் கை தட்டுவேன். நீ கிளம்ப வேண்டும். மற்றவர்கள் இரண்டடி போன பிறகும் உன் கால் கட்டையிலேயே இருக்கும். "பயமா இருக்குதுடி, கால் எழும்ப மாட்டேங்குது" என்பாய். நான் மறுபடியும் கை தட்டுவேன். ஒருநாள் ஷூவை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடுவதையே நிறுத்திவிட்டாய்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது பக்கத்துக் கட்டில் அம்மாவிடம், "இவ என் தோஸ்த், ஃபைனல்ல ஓடினவ" என்று பெருமையாகச் சொன்னாய். நான் உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று சாயங்காலம் ஆம்பூருக்குப் போய் நீ 'அம்மி' என்று கூப்பிட்ட உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, அழவுமில்லை. "தூக்கத்துல காலை உதறுவா. நான்தான் புடிச்சுக்குவேன்" என்றார். பிறகு, "கம்பெனியில அவள அவசரக்காரின்னு சொல்லிச் சிரிச்சாங்க. அங்க போய்ச் சொல்லு" என்றார்.

காலையில் பயிற்சியாளருக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். நாளை மதியச் சாப்பாட்டுக்குத் தையல் பிரிவுப் பெண்கள் வெளியே வரும்போது கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுவேன். உன் ஒருத்தியிடம் சொல்லியிருக்க வேண்டியதை இனி எத்தனை பேரிடம் சொன்னாலும், அது உன்னிடம் சொன்னதாகாது.