ஏணியைப் பிடிச்சவன்

அன்பு மகன் ஜெபக்குமாருக்கு அம்மா பரிபூரணம் எழுதுறது. ஆண்டவர் கிருபையில இங்க உசுருக்கு ஒரு கொறையும் இல்ல, நீயும் அந்த லடாக் குளிர்ல சொகமா இருக்கணும்னுதான் என் செபமெல்லாம். போன் இருக்க கடுதாசி எழுதுறாளேன்னு பாக்காத, உங்கப்பா கட்டில்லயே கெடக்காவ, நான் எங்க நின்னு பேசினாலும் அவிய காதுல விழுது.

மில்லுச் செவத்துக்குப் பெயிண்ட் அடிக்கையில உங்கப்பா ஏணியிலருந்து தலை சுத்தி விழுந்தாவன்னுதான் உனக்குச் சொன்னோம். குதிகால் எலும்பு நொறுங்கிப் போச்சு, இனி ஏணி ஏறவே கூடாதுன்னுட்டாரு டாக்டர். காண்ட்ராக்டர் ஆசுபத்திரிக்கு முதல்ல பணம் கட்டினதோட சரி, பொறவு கேட்டா, உங்க வீட்டுக்காரருக்குத் தலை சுத்துனதுக்கு நான் என்ன செய்யன்னு தட்டிக் கழிக்கான். தலை சுத்தலும் இல்ல ஒரு மண்ணும் இல்லப்பா. கீழ ஏணியைப் பிடிச்சிட்டு நின்னது என் தம்பி, உன் ஆல்வின் மாமா. போன் வந்துச்சுன்னு செத்த நேரம் கைய எடுத்திருக்கான், ஏணி சறுக்கிருச்சு. உண்மையைச் சொன்னா அவனைப் போலீஸ் பிடிச்சிரும்னு பயந்து உங்கப்பா தலை சுத்தல்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டாவ. மாமா ஆசுபத்திரிப் பக்கமே எட்டிப் பாக்கலையேன்னு எனக்குச் சந்தேகம், நேரா அவன் வீட்டுக்குப் போயி, ஏலே ஏணியை நீதான விட்டன்னு வாசல்ல வச்சே கேட்டுட்டேன். ஆமாக்கான்னு தலையக் குனிஞ்சவந்தான், அதுக்குப் பொறவு நம்ம வீட்டுக்கு வரவே இல்ல. ஒரு பக்கம் தாலி கட்டினவிய, ஒரு பக்கம் கூடப் பொறந்தவன், எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.

இருப்புக் கொள்ளாம, கான்சாபுரத்துல துட்டி கேக்கப் போறேன்னு பொய் சொல்லிட்டு ராசபாளையத்துல பஸ் மாறி ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கே போயிட்டேன். செத்தது யாருன்னு உங்கப்பா கேக்கல, நல்லவேளை. அங்க இலவச சட்ட உதவி ஆபீசுல ஆனந்தவல்லின்னு ஒரு வக்கீலம்மா பொறுமையாக் கேட்டாவ. வேலை பாக்க எடத்துல விழுந்தா யார் தப்புன்னு சட்டம் கேக்காதாம், கூட வேலை பாக்கவன் கைய விட்டிருந்தாலும் வேலை குடுத்தவன் நஷ்டஈடு தரணுமாம். சம்பளத்துல ஈஎஸ்ஐக்குப் பிடிச்சிருந்தா அங்க போகணும், இல்லன்னா தொழிலாளர் ஆபீசுல ரெண்டு வருசத்துக்குள்ள மனு போடணும். குடிச்சிட்டு ஏறிருந்தாத்தான் வம்பாம், உங்கப்பா அந்தப் பக்கமே போறவிய இல்ல. மாமாவை யாரும் உள்ள தள்ள மாட்டாவ, அவன் வந்து நடந்ததைச் சொன்னாத்தான் நமக்குப் பலம்னும் சொன்னாவ.

வந்து உங்கப்பாட்ட எல்லாத்தையும் கொட்டினேன். கேட்டுட்டு அவிய சொன்னாவ, "ஆல்வின் வந்து என் பக்கத்துல உக்காரட்டும், அப்பந்தான் கையெழுத்துப் போடுவேன்." நான் ஆள் விட்டுப் பாத்தேன், அவன் வரல. ரெண்டு பேரு மேலயும் எனக்கு ஆத்திரமா வருது, அழுகையும் வருது.

காதை நல்லாக் கட்டிக்க, வெறும் வயித்தோட டூட்டிக்குப் போகாத. ஆண்டவர் உனக்கும் உங்கூட நிக்க பிள்ளைகளுக்கும் ஒரு கொறையும் வராமப் பாத்துக்கிடட்டும். மாமாவுக்கு நீ போன் பண்ணுப்பா, நீ கூப்பிட்டா வருவான். சாப்பிட்டியளா மாமா, பிள்ளைக படிக்குதான்னு கேளு. ஏணியைப் பத்தி மட்டும் வாயைத் தொறக்காத. சட்டமே கேக்காத கேள்விய அவன் பிள்ளைக முன்னால வச்சு நான் கேட்டுப்புட்டேன்.

உன் அம்மா
பரிபூரணம்
சோழபுரம்