ட்ரையர் காலுக்கு வைத்த பலகை

அக்டோபர் 14, திங்கள்

ட்ரையர் கத்தத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கீச். எல்ல டவுன் கெஸ்ட் ஹவுஸிலிருந்து வெளுக்க வந்த பெட்ஷீட் இரண்டு மூட்டை காத்துக் கிடக்கிறது. வெளியே ஒரு வாரமாக மழை. கயிற்றில் போட்டால் பூஞ்சணம்தான் பூக்கும். இந்த மெஷின் நின்றால் என் பிழைப்பும் நின்றது.

"த்ரீவீல் ஆட்டோவையே கழட்டிப் பூட்டுறவன் நான், இது என்ன பெரிய விஷயம்" என்று என் வீட்டுக்காரர் றொமேஷ் பின்பக்கத்தைத் திறந்து தேங்காயெண்ணெய் விட்டார். கத்தல் நிற்கவில்லை. வெள்ளைக்காரர் தலையணையில் பணியாரம் மணக்கப்போகிறது, அவ்வளவுதான்.

அக்டோபர் 17, வியாழன்

மெஷினை விற்ற இப்றாஹீம் நானாவின் பதுளைக் கடையிலிருந்து திருத்துகிற மிப்ரான் வந்தார். டிரம்மைத் தாங்குகிற சின்னச் சக்கரம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. புதுசு போட்டார். பிறகு மெஷின் தலையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார்.

"மெஷின் சாஞ்சு நிக்குதுக்கா. அதான் உரசுது."

முன்கால் ஒன்றுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு கொடுத்தார். சத்தம் போயே போய்விட்டது. தனக்கு இது தோன்றவில்லையே என்று றொமேஷுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் வேண்டுமென்றே மிப்ரானை இரண்டு தடவை புகழ்ந்தேன். மூன்று பேரும் தேத்தண்ணி குடித்தோம். மிப்ரான் இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார்.

அக்டோபர் 25, வெள்ளி

சத்தம் திரும்ப வந்தது. றொமேஷ் பலகைக்கு மேல் இன்னொரு பலகை வைத்தார். நின்றது.

அக்டோபர் 29, செவ்வாய்

மூன்றாவது பலகை.

சமைக்கிற குசினிக் கதவும் இன்று மூட மாட்டேன் என்றது. றொமேஷ் அடியைச் சீவிவிட்டு, "மழைக்கு மரம் ஊதுது" என்றார். சரி, மரம் ஊதும். கதவுக்கு மேலே சுவரில் ஓடுகிற வெடிப்பு? சீமெந்து குழைத்துப் பூசிக்கொண்டிருந்தவரிடம் என்னத்தைக் கேட்க? கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதற்கொரு பதில் வைத்திருப்பார்.

நவம்பர் 4, திங்கள்

அவருக்குச் சொல்லாமல் மிப்ரானைத் திரும்பக் கூப்பிட்டேன். மெஷின் மேல் ரசமட்டத்தை வைத்தார். எடுத்துத் திருப்பி வைத்தார். பிறகு மெஷினை விட்டுவிட்டு வெறும் தரையில் வைத்தார். அடுத்த அறையில் வைத்தார். வாசற்படியில் வைத்தார். நான் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன்.

"நான் நேராத்தானே வச்சிட்டுப் போனேன்..." என்று முணுமுணுத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அக்கா, மெஷின்ல ஒரு பிழையும் இல்ல. வீடுதான் பள்ளத்துப் பக்கம் எறங்குது."

தேத்தண்ணி வேண்டாம் என்றுவிட்டார். மழை கொஞ்சம் விட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வாரமாக நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? வீடு சாய்கிறது, நாங்கள் மெஷினை நிமிர்த்திக்கொண்டிருந்திருக்கிறோம். பயமாக இருக்கிறது.

நவம்பர் 5, செவ்வாய்

சண்டை. கிராம சேவகரிடம் சொல்வோம் என்றேன்.

"சொன்னா நோட்டீஸ ஒட்டி வெளிய போகச் சொல்லுவாங்க. அப்புறம் எத்தன வருஷம் மண்டபத்துல பாய் விரிக்கிறது? தோட்டத்து லயத்துல ஒரே காம்பராவுல ஆறு பேரு சுருண்டு கெடந்து வளந்தவன்டி நான். இந்த வீட்டுச் சாவிய கையில குடுத்த அன்னிக்கு நான் அழுதத நீ பாத்தல்ல?"

பார்த்தேன். அதனால்தான் திருப்பிக் கத்த முடியவில்லை. ஆனால் மகள் கேஷானி படுக்கிற அறை பள்ளத்துப் பக்கம். ஏழு வயசு. வீடு போனா போகட்டும் — எனக்கு எம்புள்ள வேணும். இவரு வேணும். வேற என்ன கேட்டேன் நான்?

நவம்பர் 8, வெள்ளி

சொல்லிவிட்டேன். தனியாகப் போய்ச் சொன்னேன்.

நவம்பர் 10, ஞாயிறு

அதிகாரிகள் வந்தார்கள். தேயிலைக்குள் ஏறிப் பார்த்தார்கள். எங்கள் வரிசையில் எல்லா வீடும் ஆபத்து, மாதா கோயில் மண்டபத்துக்குப் போங்கள் என்றார்கள். றொமேஷ் என்னோடு பேசவில்லை. ஆனால் பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக நடந்தார்.

நவம்பர் 12, செவ்வாய்

இரவுக்கு மட்டும்தான் எல்லோரும் மண்டபத்தில். விடிந்ததும் ஆடு, கோழி, சமையல் என்று வீட்டுக்கு ஏறிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு இருதயம்மாவிடம் வேண்டாம் என்றேன்.

"மல சரிஞ்சா ராவுலதான்டி சரியும். பகல்ல மண்ணு அசஞ்சா கண்ணுக்குத் தெரியாதா? ஓடிர மாட்டோமா?"

மண்டபமே தலையாட்டியது. மலைக்கே இவர்கள் வேலை நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். சிரிப்பு வருகிறது, பயமும் வருகிறது.

நவம்பர் 14, வியாழன்

நான் ஏறுவதில்லை. கேஷானியையும் விடுவதில்லை. றொமேஷ் மட்டும் பகலில் போய், மிச்சப் பெட்ஷீட்டைக் காயவைத்து, மடித்துக் கொண்டுவருகிறார். என்னைவிட நேராக மடித்திருக்கிறார். "குழாயில சேறா வருது, மழத் தண்ணியிலதான் அலசினேன்" என்றார். குழாயில் சேறு வருகிறதாம் — அதையும் சாதாரணமாகச் சொல்கிறார் மனுஷன்.

நவம்பர் 15, வெள்ளி

மழை விட்டுவிட்டது. நாளைக்கு மிப்ரான் லொறி கொண்டுவருகிறார், மெஷினை இறக்க.

"அது கெடக்கட்டும், விட்ருங்க" என்றேன்.

"அது ஒம் பொழப்புடி. பகல்லதானே, வெயிலும் வந்திருச்சு. லொறி வர்றதுக்குள்ள பைப்பக் கழட்டி வாசலுக்குத் தள்ளி வச்சிர்றேன்."

பத்து நாளைக்குப் பிறகு என்னோடு ஒழுங்காகப் பேசினார். அந்தச் சந்தோஷத்தில் நான் மேற்கொண்டு வாதாடவில்லை.

நவம்பர் 16, சனி

நல்ல வெயில். றொமேஷ் காலையிலேயே வீட்டுக்கு ஏறிவிட்டார். மண்டபத்துத் தரை அதிர்ந்தது. இருதயம்மா ஆட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடிவந்தாள். லொறி பாதி வழியிலேயே நிற்கிறது — அதற்கு மேலே பாதை இல்லை. வீடு இல்லை. எங்கள் வரிசையே இல்லை.

மாதாவே, அவரு எறங்கியிருக்கணும்.

நவம்பர் 19, செவ்வாய்

தோண்டுகிறார்கள்.

நவம்பர் 23, சனி

நேற்றோடு தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள். மண் இன்னும் இறங்குகிறதாம், ஆட்களை இறக்க முடியாதாம்.

இன்று ஃபாதர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நவம்பர் மாதம் முழுக்க ஞாயிறு பூசையில் மரித்தவர்களின் பெயர்களை வாசிப்பது எங்கள் கோயில் வழக்கம். போன ஞாயிறு றொமேஷின் பெயரைக் காணாமல் போனவர்களுக்கான மன்றாட்டில் சொன்னார்கள். நாளைக்கு எதில் சொல்வது என்று ஃபாதருக்குத் தெரியவில்லை. கையைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

கேஷானி என் மடியில் சாய்ந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தண்ணீர் கொண்டு வா என்று அவளை அனுப்பினேன். அவள் கதவைத் தாண்டும்வரை காத்திருந்தேன்.

"மரிச்சவங்களோட வாசிங்க, ஃபாதர்" என்றேன்.