திருப்பி வைத்த பெட்டி

இயேசு மரி சூசை துணை

அன்பு மகன் அமலனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம், நீ நலமா என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் நலம் என்று எழுதினால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு நீ வேலைக்குக் கிளம்பிவிடுவாய், அதனால் உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே, அம்மா நேராகப் பிடி, நெற்றி மட்டும்தான் தெரிகிறது என்கிறாய். காகிதத்தை நீ எந்தப் பக்கம் பிடித்தாலும் நான் எழுதினதுதான் இருக்கும். இந்த முறை தக்காளிக்கு விலை இல்லை, பாலக்கோடு மண்டிக்கு ஏற்றினால் வண்டி வாடகைக்கே கட்டாது என்று பாதியைச் செடியிலேயே விட்டுவிட்டோம், மாடு மேய்கிறது. உன் அக்கா சகாயராணி ஞாயிறு பூசை முடிந்ததும் பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி வந்து எனக்குக் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவளுக்கும் முழங்கால் வலி, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், சொல்லிவிட்டேன்.

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். அப்பாவின் அந்தப் போனில் ஸ்கிரீன் திரும்பாது, உள்ளே சென்சார் போய்விட்டது, தூக்கிப் போடுங்கள், ஊருக்கு வரும் நண்பனிடம் புதுசு கொடுத்து அனுப்புகிறேன், கல்லறைத் திருநாளுக்கு அதில் காட்டினால் இந்தத் தடவை எல்லாம் ஒழுங்காகத் தெரியும் என்று சொல்லியிருக்கிறாய். இந்தத் தடவை என்றாயே மகனே, அந்த ஒரு வார்த்தை என்னைச் சோறு தின்ன விடவில்லை. போன தடவை ஒழுங்காகத் தெரியாமல் போனது உனக்கு அத்தனை குறையாக இருக்கிறது. எங்களுக்கு என்ன ஆனது என்று நீ கேட்கவே இல்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

உன் அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்து, தலைமாட்டில் சிலுவையில் பாடுபட்ட சுரூபமும் மெழுகுவர்த்தியும் வைத்து, கால் வாசலைப் பார்க்க, முறைப்படிதான் கிடத்தியிருந்தோம். உனக்கு லீவு கிடைக்கவில்லை, விசா தாள் ஆபீசில் மாட்டிக்கொண்டது, சரி. சகாயராணி அழுதுகொண்டே ஸ்டூல் மேல் ஏறி, உன் அப்பாவின் போனையே மேலிருந்து குறுக்காகப் பிடித்துக் காட்டினாள். நீ அங்கே பெரிய டிவியில் போட்டு நண்பர்களோடு உட்கார்ந்திருந்தாய். உன் முதல் பேச்சு, அக்கா, அப்பா நிற்கிற மாதிரித் தெரிகிறார், திருப்பு என்பதுதான். அவள் மறுபக்கமாகத் திருப்பினாள், தலைகீழாகத் தெரிந்தார். மேலிருந்து கீழே இழு, ஆட்டோ ரொட்டேட்டை அழுத்து என்று கத்தினாய். போன் உன் அப்பாவுக்காகத் தமிழில் வைத்திருந்தது, அழுத கண்ணோடு அவள் எதைத் தேடுவாள். அணைத்துப் போட்டாள், உறையைக் கழற்றினாள், பேச்சை வெட்டிவிட்டு மறுபடி உன்னைக் கூப்பிட்டாள். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு அண்ணாந்து போனைப் பார்த்தார்கள். நீ உன் கையிலிருக்கும் போனில் பார்த்திருந்தால் அதைச் சாய்த்துப் பிடித்திருக்கலாம். டிவியைச் சாய்க்க முடியுமா என்று அத்தனை பேர் காதுபட நீ கேட்டாய். அப்போதுதான் உன் சித்தப்பா, போன் திரும்பலைன்னா என்னாங்க, அண்ணனத் திருப்பிடலாம், பையன் நல்லாப் பாக்கட்டும் என்றார். நாலு ஆம்பிளைகள் பெட்டியைத் தூக்கித் திருப்பினார்கள். வயர் பிடுங்கிக்கொண்டது, மோட்டார் நின்றது. சுரூபமும் மெழுகுவர்த்தியும் சுவரோரம் தனியாக நின்றன. அவர் முகம் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டது. கோயில் உபதேசியார் வாய்க்குள்ளே ஏதோ முணுமுணுத்தார். ஆங், இப்ப கரெக்ட் என்றாய் நீ. பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரிக்கும் வரை அவரை யாரும் திருப்பி வைக்கவில்லை, எனக்கும் எழுந்து சொல்லத் தெம்பில்லை. ஜென்மத்தில் ஒருத்தருக்காகவும் தன் பேச்சைத் திருப்பாத மனுசன், உன் டிவிக்காகத் திரும்பிக் கிடந்தார்.

இப்போது கேள். அந்தப் போனில் எந்தச் சென்சாரும் போகவில்லை. போன வாரம் மத்தியானம் அசதியாக இருக்கிறதென்று உன் அப்பாவின் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தேன். தலைமாட்டில் அவர் போன் இருந்தது, எடுத்து உன் போட்டோவைப் பார்த்தேன். நான் படுத்தபடி பார்க்க நீ நேராகத் தெரிந்தாய். என் போனில் அப்படித் தெரியாது, படுத்தால் படமும் திரும்பிவிடும். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இடுப்பு ஒடிந்த பிறகு அவரால் ஒரு பக்கமாகத்தானே படுக்க முடிந்தது. நீ வீடியோவில் வரும்போதெல்லாம், பையன் கோணையாத் தெரியறான்டி என்று புலம்புவார். ஊசி போட வந்த நர்ஸ் பெண் காவியாவிடம் கேட்டு, போன் திரும்பாதபடி பூட்டிக்கொண்டார். இப்பதான்டி எம் பையன் எனக்கு எதுக்க படுத்திருக்கிற மாதிரி இருக்குது என்றார். உன்னிடம் சொல்லலாமே என்றேன், அவனுக்கு ஆயிரம் வேலை, இதையெல்லாம் சொல்லாதே என்றுவிட்டார். உன்னைப் பார்க்க அவர் போட்ட பூட்டு அது. அதைத்தான் நீ கெட்டுப்போன போன் என்கிறாய்.

அந்தப் பூட்டை எடுக்க எனக்கும் இப்போது தெரியும். மேலிருந்து கீழே இழுத்தால் தானாகச் சுழற்று என்று தமிழிலேயே இருக்கிறது, ஒரு விரல் வேலை. எடுக்க மாட்டேன். புதுப் போனையும் அனுப்பாதே, வந்தால் பெட்டியைப் பிரிக்காமல் சகாயராணி வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். நவம்பர் ரெண்டாம் தேதி சாமியார் கல்லறைகளை மந்திரிப்பார், உன் அப்பாவுக்கு அது முதல் கல்லறைத் திருநாள். சுண்ணாம்பு அடித்து, இண்டூர் சாமந்தி வாங்கிப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி நான் நிற்பேன். போனைப் பிடிக்க எனக்குக் கை இருக்காது. மண் போடுகிற அன்று உன் பங்கு மண்ணையும் சேர்த்து உன் அக்காதான் போட்டாள், மெழுகுவர்த்தியாவது நீ வந்து ஏற்று. போன வருசம் ஸ்பெயின் கடற்கரைக்குப் போக லீவு கொடுத்தவர்கள் இதற்குத் தர மாட்டார்களா, கேட்டுப் பார்.

குளிரில் தலையை மூடிக்கொண்டு போ, பூசை விடாதே. நீ கிளம்பும்போதெல்லாம் நெற்றியில் சிலுவை போடுவேனே, போன வாரம் போன் கண்ணாடி மேல் போட்டேன், விரல் பட்டுப் பேச்சு கட்டாகிவிட்டது, நீயும் திரும்பக் கூப்பிடவில்லை. ஆரோக்கிய மாதா உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. எனக்கும் ஒரு நாள் வரும், சகாயராணியிடமும் உபதேசியாரிடமும் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன், என்னை யாரும் திருப்பி வைக்கக் கூடாது. பார்க்க வேண்டுமென்றால் நீ வந்து, எந்தப் பக்கம் நின்றால் என் முகம் தெரியுமோ அந்தப் பக்கம் நில்.

இப்படிக்கு,
உன் அம்மா
ச. ராயம்மாள்