தம்பியின் குடிலுக்குள் போனது

லிஃபுகா தீவு,
9 மார்ச் 1986

அன்புள்ள அகனேசிக்கு,

அக்கா எழுதுவது. நீ அனுப்பிய பீப்பாய் போன கப்பலில் வந்து சேர்ந்தது. இறைச்சி டின்கள் ஒன்றும் நசுங்கவில்லை. சோப்புத்தூள்தான் பிரிந்து கொட்டி, துணியெல்லாம் ஒரே வாசம். உன் கம்பளிச் சட்டையை இந்த வெயிலில் போட்டுக்கொண்டு அம்மா ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பி நின்றாள். பிறகு போகவில்லை. அவள் கோயிலுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது.

அண்ணனைப் பற்றி ஒளிக்காமல் எழுது என்றாய். எழுதுகிறேன். ஃபெலேட்டி பின்பக்கத்துப் பையன்கள் குடிலிலேயே கிடக்கிறான். பகலில் தூங்குகிறான், எழுந்தால் பேச்சு. வானொலியில் செய்தி வாசிப்பவர் தன் பெயரை ஊருக்குச் சொல்கிறார் என்று கத்துகிறான். கப்பல்துறையில் ஒருவனை அடித்தும் விட்டான். அப்பாவின் மண்டையோட்டில் வேர் புகுந்திருக்கும், அதுதான் மகன் தலைக்கு ஏறிவிட்டது என்று சித்தப்பா சொன்னார். ஜனவரியில் கல்லறையைத் தோண்டினோம். வேர் இல்லை. எலும்புகளுக்கு எண்ணெய் தடவி, புது மரப்பட்டைத் துணி சுற்றி, திரும்ப மூடினோம். "இன்னும் கொஞ்சம் ஆழமா தோண்டியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு சித்தப்பா சாப்பிடப் போனார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

நர்ஸ் சலோட்டே ஒரு வழி சொல்லியிருக்கிறாள். தலைநகரத்து டாக்டர் கொடுத்த மாத்திரையை அவன் நாள் தவறாமல் விழுங்கினால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் தலைநகரில், பூட்டுப் போட்ட வார்டில் விட வேண்டும். என் உயிர் உள்ளவரை அவனை அங்கே விடமாட்டேன். ஆகவே காலையும் மாலையும் வாழையிலையில் கிழங்கும் மாத்திரையும் வைத்து, குடில் வாசலில் வைத்துவிட்டு இருமுகிறேன். நான் வீட்டுக்குள் திரும்பிய பிறகு எடுத்துக்கொள்கிறான். இலை காலியாகத்தான் இருக்கிறது.

ஒன்று சொன்னால் நீ சிரிப்பாய். ஊரே காதைப் பொத்தும்படி கெட்ட வார்த்தை பேசுகிறவன், நான் வருவது தெரிந்தால் வாயை மூடிவிடுகிறான். பைத்தியத்திலும் அக்கா அக்காதான். அக்கா தங்கையோடு ஒரே வீட்டில் படுக்கக்கூடாது என்ற நம் வழக்கப்படி பத்து வயதில் அவனைக் குடிலுக்கு அனுப்பியதிலிருந்து நாங்கள் இருவரும் ஒரு கூரையின் கீழ் தூங்கியதில்லை, ஒரு பாயில் உட்கார்ந்ததில்லை. அதை அவன் மறக்கவில்லை. சத்தம் அதிகமானால் அம்மா, "ஏ லவீனியா, போய் ஒருக்கா இருமிட்டு வாடி" என்கிறாள்.

பேனியின் வீட்டார் போன வாரம் வந்து, என் நிச்சயத்துக்கு நாம் கொடுத்த பாய்களைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். "தப்பா நெனைக்காதீங்க. நாளைக்குப் பொறக்குற புள்ளைங்களுக்கும் வந்துட்டா என்ன பண்றது?" என்றாள் அவன் அத்தை. தப்பாக நினைக்கவில்லை. பாய்களை வெயிலில் காயவைத்து மடித்து வைத்துவிட்டேன்.

உன் அக்கா,
லவீனியா


ஆக்லாந்து,
20 ஏப்ரல் 1986

அன்பு அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பேனி விஷயத்தைப் படித்துவிட்டுப் பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அவனை விடு, அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அக்கா, கோபப்படாமல் படி. இலை காலியாக இருந்தால் அண்ணன் விழுங்கிவிட்டான் என்று அர்த்தமா? நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பதினொரு கிழவர்கள். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு, நாங்கள் முதுகு காட்டியதும் பூந்தொட்டியில் துப்புவார்கள். அதனால் வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுப் பார்ப்போம். நீயும் உள்ளே போ. எதிரில் உட்கார். விழுங்கும்வரை எழுந்திருக்காதே. நீ அவனுடைய அக்கா என்று நோய்க்குத் தெரியுமா?

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். கேள். நான் தப்பி வந்தவள்தான். இங்கே யாரிடமும் அண்ணனைப் பற்றிச் சொன்னதில்லை. ஆனால் எனக்கும் இருபத்தேழு ஆகிறது. அவனுக்கு இது தொடங்கிய வயது. சில நாட்கள் வானொலியைப் போடவே பயமாக இருக்கிறது. செய்தி வாசிப்பவர் என் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று காத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு முத்தங்கள்.
அகனேசி


லிஃபுகா,
1 ஜூன் 1986

அன்புள்ள அகனேசிக்கு,

வானொலியைப் போடு. உனக்கு ஒன்றும் வராது. எப்படித் தெரியும் என்று கேட்காதே, அக்கா சொல்கிறேன்.

மற்றபடி உன் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. வாய்க்குள் விரல் விட்டுப் பார்க்க ஃபெலேட்டி என்ன உன் வெள்ளைக்காரக் கிழவனா? ஆக்லாந்து குளிரில் உனக்கு எல்லாம் மரத்துப்போய்விட்டதா? அவன் படுக்கிற இடத்தில் நான் கால் வைத்தால் அவன் எந்த முகத்தோடு எழுந்து நிற்பான்? வேலை, கல்யாணம், பாட்டுக்குழு, கூட்டாளிகள் எல்லாம் போய்விட்டன. அக்கா முன்னால் தலைகுனிகிற ஒன்றுதான் அவனிடம் மிச்சம். அதை நான் போய்ப் பிடுங்க வேண்டுமா?

அம்மா உள்ளே போய்வருகிறாள். "முழுங்குறான், நான் கண்ணால பாத்தேன்" என்கிறாள். ஆனால் சத்தம் குறையவில்லை. கூடத்தான் செய்கிறது. அக்கம்பக்கத்தார் பன்றிகளைக்கூட நம் பக்கம் விடுவதில்லை.

லவீனியா


லிஃபுகா,
17 ஆகஸ்ட் 1986

அகனேசி,

அம்மாவுக்குக் கை முறிந்துவிட்டது. பயப்படாதே, வலது கை இல்லை. இரண்டு வாரத்துக்கு முன் செவ்வாயன்று அவள் சாப்பாடு கொண்டுபோனபோது துடுப்பால் அடித்துவிட்டான். அம்மாவின் வேஷத்தில் வேறு யாரோ வந்திருப்பதாக அவனுக்குத் தோன்றியிருக்கிறது. ஊரார் பிடித்துக் கட்டிப்போட்டார்கள். போலீஸ்காரர் வந்து, சனிக்கிழமை படகில் வார்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

அன்று குடிலுக்குள் போனேன். பாயைத் தூக்கினேன். மாத்திரைகள் எல்லாம் அடியில் இருந்தன. ஈரத்தில் கரைந்து, பாயோடு ஒட்டி, வெள்ளை வெள்ளையாக. அத்தனை மாதமும் கிழங்கை மட்டும் சாப்பிட்டிருக்கிறான். நீ சொன்னது சரி.

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்துகொண்டு சொல்கிறாள்: "அத முழுங்குனா புள்ள கட்டை மாதிரி ஆயிடுறான்டி. போன தடவ முழுங்குனப்ப பாத்தல்ல? கத்துனாலும் எனக்கு எம்புள்ள வேணும்." நான் அவளைத் திட்டவில்லை. எனக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை வரை மூன்று நாள் இருந்தது. நர்ஸ் சலோட்டேயிடம் ஒப்புக்கொள்ள வைத்தேன், இந்த மூன்று நாளும் விழுங்கினால் படகு வேண்டாம் என்று. அவன் கட்டை அவிழ்க்கச் சொன்னேன். அவன் பாயிலேயே, அவனுக்கு எதிரில் உட்கார்ந்தேன். "அக்கா, வெளிய போ. அக்கா, நீ இங்க வரக்கூடாது" என்று என்னைப் பார்க்காமல் தரையிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு வருடத்தில் அவன் பேசிய தெளிவான பேச்சு அதுதான். "வாயத் தொற" என்றேன். அக்கா சொல்லை மறுக்கக்கூடாது என்று வளர்ந்தவன். திறந்தான். விழுங்கினான். நாக்கைத் தூக்கச் சொல்லி, விரலை விட்டுப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை படகு அவன் இல்லாமல் போயிற்று. அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை போகிறேன்.

லவீனியா


ஆக்லாந்து,
26 அக்டோபர் 1986

அன்பான அக்கா,

அண்ணன் கத்துவதில்லை, அம்மா மறுபடி கோயிலுக்குப் போகிறாள் என்று சித்தப்பா மகள் எழுதியிருந்தாள். சமையலறையில் நின்று வாய்விட்டு அழுதேன். நீ செய்தது என்னவென்று எனக்குத் தெரியும் அக்கா. நான் ஏதோ அடுப்பை அணை என்பது போல எழுதிவிட்டேன், மன்னித்துவிடு.

டிசம்பர் இருபதுக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு அங்கே இருப்பேன், மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் மாத்திரை நான் கொடுக்கிறேன். எனக்குக் கை பழகிய வேலை. நீ காலை நீட்டிப் படு, யார் வீட்டுக்காவது போய் வம்பு பேசு. ஆறு வருடம் கழித்து அண்ணனைப் பார்க்கப்போகிறேன். என்ன வாங்கி வரட்டும் என்று அவனிடம் கேட்டு எழுது.

அகனேசி


லிஃபுகா,
23 நவம்பர் 1986

அன்புள்ள அகனேசிக்கு,

அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. மழை தொடங்கிவிட்டது. சீமைப்பலாக்காய் இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது, பன்றிக்குப் போட்டும் மிஞ்சுகிறது.

ஃபெலேட்டிக்குக் குணம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். இனி வார்டு என்ற பேச்சே வேண்டாமாம். சதை போட்டிருக்கிறான். குடிலில் படுப்பதில்லை. வீட்டுக்குள் என் பாயில் வந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்கிறான். என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறான். நான் உடை மாற்றும்போது அறைக்குள் வந்து நின்றான், போகச் சொன்னேன், போனான். மருந்து செய்ததா, என் விரல் செய்ததா என்று எனக்குத் தெரியாது. போன வாரம் என் படுக்கையிலேயே தூங்கிவிட்டான். எழுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் முகத்தை நான் இவ்வளவு அருகில் பார்த்ததே இல்லை. புருவம் அப்படியே அப்பாவுடையது. மாத்திரை நேரம் வந்தால் நான் சொல்வதற்கு முன்பே வாயைத் திறக்கிறான். நான் யார் என்று கேட்டால் "லவீனியா" என்கிறான். அக்கா என்று சொல்வதில்லை.

எனக்கு வருத்தமா என்று கேட்காதே. காலையில் எழுகிறேன், மாத்திரை கொடுக்கிறேன், கிழங்கு வேகவைக்கிறேன்.

உன் கடிதம் வந்தபோது அவன் என் பக்கத்தில்தான் சாய்ந்து கிடந்தான். அம்மாவுக்காக உரக்கப் படித்தேன். நீ வருகிறாய் என்ற வரியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தான். காலை மடக்கிக்கொண்டான். "அகனேசியா? தங்கச்சி வருதா?" என்று கேட்டான். "அப்ப நான் குடிலுக்குப் போயிடணும்ல" என்று தலையைக் குனிந்தபடி வெளியே போனான். அன்று முழுக்கக் குடிலைப் பெருக்கினான், பழைய பாயை எரித்தான். இப்போதும் யாராவது உன் பேரைச் சொன்னால் பேச்சை நிறுத்திவிடுகிறான்.

அம்மா வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவன் பெருக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அகனேசி, நீ வந்தால் மாத்திரையைக் கொடுப்பாய். நன்றாகவே கொடுப்பாய். அவன் வாயைத் திறப்பான். அதன் பிறகு அவனுக்குத் தங்கையும் இருக்கமாட்டாள்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. கிறிஸ்துமஸுக்கு என்று இல்லை, அவன் இருக்கும்வரை நீ இங்கே வர வேண்டாம். அம்மா செத்தாலும் வராதே. கடிதம் மட்டும் போடு, அவன் காதில் விழும்படி நான் உரக்கப் படிக்கிறேன்.

லவீனியா