இடது சப்பாத்தின் கறுப்புத் தடம்

மச்சான்,

அலுமாரியின் அடித்தட்டைத் துப்புரவாக்கும்போது அந்தக் கென்வஸ் சப்பாத்துச் சோடி கையில் அகப்பட்டது. வலது சப்பாத்து இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. இடதின் மேற்புறத்தில், பெருவிரலுக்கு நேரே, கறுப்பாக ஒரு தடம். கழுவிக் கழுவிக் கைவிட்ட தடம். மூக்கருகே கொண்டுபோனேன். என்ஜின் ஒயிலும் காய்ந்த சேறும் வைக்கோலும் கலந்த மணம் இன்னும் இருந்தது. சப்பாத்தை மடியில் வைத்தபடி நடுப்பகல் லுஹர் பாங்கு கேட்கும்வரை தரையிலேயே இருந்துவிட்டேன்.

நாம் கலியாணம் முடித்த புதிதில் உங்கள் சப்பாத்திலும் இதே தடம் இருந்தது. இவர் ஒரு காலை மட்டும் ஏன் இப்படித் தேய்க்கிறார், நடையில் ஏதும் பிழையோ என்று யோசித்திருக்கிறேன். புதுப்பெண், கேட்க வெட்கம். மோட்டார் சைக்கிளின் கியரைத் தூக்குகிற கால் அது என்பது, என் சப்பாத்திலும் அதே இடத்தில் கறுப்பு விழுந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கடல் ஊருக்குள் வந்த காலையைப் பற்றி நாம் இருவரும் அதிகம் கதைத்ததில்லை. வீடு போனது. உங்கள் உம்மா போனார். விழுந்த சுவரின் கீழிருந்து உங்களை எடுத்தபோது இடது கணுக்கால் நொருங்கியிருந்தது. பிறகு அது பொருந்தியது. ஆனால் மடங்க மறந்துவிட்டது. நடக்கலாம், கியர் மாற்ற முடியாது. மோட்டார் சைக்கிள் மட்டும் அன்று பெரிய வீதிக்கு மேற்கே, மெக்கானிக் பாஸின் கராஜில் பழுதுக்கு நின்றதால் தப்பியது. ஓட்டுகிறவரின் காலை எடுத்துக்கொண்டு வண்டியை விட்டுவைத்தது கடல்.

பாடசாலைக்குப் படிப்பிக்கப் போக நான் ஸ்கூட்டி எடுத்தேன். அதில் இடக்காலுக்கு வேலையே இல்லை. முறுக்கினால் ஓடும், இரண்டு கையாலும் பிடித்தால் நிற்கும். பள்ளிவாசலுக்கும் சந்தைக்கும் நீங்களும் அதைத்தான் கொண்டுபோனீர்கள். ஆனால் ஒருநாளும் அதை வண்டி என்று ஒப்புக்கொள்ளவில்லை.

“இது வண்டியில்ல புள்ள. குந்தி இரிக்கிற, ஓடுற கதிர.”

சண்டை முடிந்தது என்று வானொலி சொன்ன வருடம். மேற்கே, காட்டோரத்து வயல்வெளியான வட்டையில் உங்கள் வாப்பா தந்த வயல், பிரச்சினைக் காலம் முழுவதும் விதைப்பில்லாமல் கிடந்தது. பாதை திறந்ததும் அதை வாங்கிக்கொள்வதாக ஒருவர் ஆள் அனுப்பினார். நீங்கள் பாதி ஓம் சொல்லிவிட்டீர்கள்.

“கடல் எடுத்தது போக மிச்சத்த மனிசன் கொண்டு போகட்டும்,” என்றீர்கள்.

நான் மறித்தது நெல்லில் ஆசைப்பட்டு அல்ல. கடல் தொடாத ஒரே இடமாக அது ஒன்றுதான் உங்களிடம் மிஞ்சியிருந்தது. அதையும் கொடுத்துவிட்டால், வாசல் கதிரையில் மேற்கே பார்த்தபடி இருக்கிற உங்களுக்குப் பார்க்க வேறொன்றும் இராது என்று பயந்தேன். “ஒருக்காப் பாத்துட்டுக் குடுங்க மச்சான்,” என்றேன். அதற்கு மட்டும் தலையசைத்தீர்கள்.

எப்படிப் போவது? ஸ்கூட்டியில் கிளம்பினோம். வாய்க்கால் கரையில் தண்ணீர் கசிந்த முதல் இடத்திலேயே இடியப்பத் தட்டளவு சில்லுகள் இரண்டும் சேற்றில் அமர்ந்தன. தள்ளிக்கொண்டு திரும்பினோம். ஓட்டிப்போகச் சொல்லி உங்கள் சகோதரியின் மகனிடம் கேட்டால், “வாற வெள்ளிக்கிழமை பாப்பம் மாமா.” அந்த வெள்ளிக்கிழமை வரவில்லை. உழவு மெசினின் பெட்டியில் ஏறச் சொன்னதற்கு, “மூடையோட மூடையாக் கிடந்து போக நான் என்ன நெல்லா?” என்று கோபித்தீர்கள்.

“அப்ப மோட்டார் சைக்கிள எடுங்க. நான் ஓட்டுறன்.”

என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். “நீயா?”

“ஓம். நான்தான்.”

“கதிர ஓட்டினவ குதிர ஓட்டப் போறாவாம்,” என்று சுவரிடம் சொன்னீர்கள். ஆனால் அன்று பின்னேரமே பாஸிடம் சொல்லிச் செயினை மூடித் தகரம் அடிப்பித்தீர்கள். “உன்ட அபாயாவச் செயின் தின்னுடும்,” என்றீர்கள்.

பழகப் போன இடத்தை நினைத்தால் இன்றும் கனவு போலத்தான் இருக்கிறது. ஊரில் வெறுமையாகக் கிடந்தது கடற்கரைப் பக்கம் ஒன்றுதான். வீடுகள் போய், அத்திவாரங்களும் நடுவில் நீளமான கொங்கிரீட் ஒழுங்கையும் மட்டும் எஞ்சியிருந்தன. அந்தக் காலைக்குப் பிறகு நீங்கள் அங்கு போனதே இல்லை. என்னைப் பழக்குவதற்காகப் போனீர்கள். நம் வீட்டு அத்திவாரத்தில், குசினி இருந்த மூலையில், கடலுக்கு முதுகு காட்டி அமர்ந்தீர்கள். நான் முதலாம் கியரில் நம் வாசலைத் தாண்டுவேன். இரண்டாவது விழும்போது பக்கத்து வீட்டு லாத்தாவின் கிணற்றடி. அலைச் சத்தத்தோடு என்ஜின் சத்தமும் சேர்ந்து, இல்லாத வீடுகளுக்குள்ளால் போய்வரும்.

கிளச்சை நீங்கள் விளக்கிய விதத்தைப் பிறகு வகுப்பில் எத்தனையோ தடவை கடன் எடுத்திருக்கிறேன். “என்ஜின் குளம். சில்லு வயல். இடக்கைல இரிக்கிறது துருசு. இழுத்தாத் துருசு பூட்டும், குளத்துத் தண்ணி வயலுக்குப் போகாது. மெல்ல மெல்லத் திறக்கணும். சடாரெண்டு திறந்தா வரம்பு உடைச்சிரும்.” நான் சடாரென்று திறந்தேன். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. மறுகா எடுத்தேன், மறுகாவும் நின்றது.

“மெல்ல எண்டு சொன்னா வெளங்காதா? நீயெல்லாம் என்னத்தப் படிப்பிக்காய்?”

“நான் வகுப்புல ஒரு புள்ளைக்கும் ஏசினதில்ல மச்சான். நீங்க ஏசினா நான் இறங்கி நடந்து போறன்.”

அதன்பிறகு நீங்கள் ஏசவில்லை. பின்னால் ஏறியிருந்து, என் இடது தோளில் விரலால் ஒரு தட்டுத் தட்டத் தொடங்கினீர்கள். தட்டினால் அடுத்த கியர். மெல்ல அழுத்தினால் கியரைக் குறை. அதோடு சத்தம் இல்லாமல் போனது. கரும்பலகையில் எழுதுகிற பிள்ளையின் பின்னால் நின்று, பிழை வருமுன் மெல்லச் செருமுகிற ஆசிரியரை எனக்குத் தெரியும். நான் அப்படித்தான் நின்றிருக்கிறேன். பிள்ளையின் இடத்தில் நின்றது அதுதான் முதல் தடவை.

ஒருநாள் புது வீட்டுக்குத் திரும்பி வரும்போது, அங்கேயும் பக்கத்து வீட்டுக்கே வந்திருந்த லாத்தா வேலிக்கு மேலால் கேட்டார். “என்ன டீச்சர், பொலிசில சேரப் போறீங்களோ?”

“ஓம் லாத்தா. முதல்ல உங்களத்தான் பிடிக்கிற.”

நீங்கள் பின்னால் சிரிப்பை அடக்கியது என் முதுகில் தெரிந்தது. சிரிக்கவில்லை, அடக்கினீர்கள்.

பாடசாலை விடுமுறையில் கிளம்பினோம். சிறுபோக அறுவடை பாதி முடிந்திருந்தது. சோதனைச் சாவடியில் நின்ற பொடியன், அபாயாவோடு மோட்டார் சைக்கிள் ஓட்டி வருகிற மனிசியையும், கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துப் பின்னால் இருக்கிற மனிசனையும் மாறிமாறிப் பார்த்து, அடையாள அட்டை கேட்க மறந்து கையசைத்துவிட்டான். ஸ்கூட்டி புதைந்த இடத்தைப் பெரிய சில்லுகள் அலட்சியமாகக் கடந்தன. தோளில் ஒரு தட்டு. மூன்றாம் கியர். இரு பக்கமும் பொன் நிற அரிதாள். வெட்டிய நெல்லின் மணத்துக்குள் மிதந்து போவது போல இருந்தது.

வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் பாதை சரிகிற இடத்தில்தான் அது நடந்தது. சரிவின் அடியில் எருமைகள் குறுக்கே நடந்துகொண்டிருந்தன. பயத்தில் என் இடக்கை தானாக இறுக்கியது. ஸ்கூட்டியில் அந்தக் கைதான் பிறேக். இங்கே அது துருசு. என்ஜின் முணுமுணுப்பாகத் தணிந்தது, வண்டி கட்டவிழ்ந்து இறங்கியது. இறுக்க இறுக்க இன்னும் இலேசாக ஓடியது.

“ஓரம்! ஓரம்!” என்று மாட்டுக்காரர் கத்தினார்.

நீங்கள் கத்தவில்லை. என் காதருகில், பாத்திஹா ஓதுகிற குரலில் சொன்னீர்கள். “புள்ள, அது பிறேக் இல்ல. வலக்கால்.”

கால் என் சொல்லைக் கேட்கவில்லை. கடைசி எருமையின் வாலுக்குப் பின்னால் ஒரு வண்டி அகலம் இடம் கிடைத்தது. அதனூடாகப் போய், வரம்பில் ஏறி, யாரோ ஒருவரின் சூடடித்துக் குவித்த வைக்கோலில் மெல்லச் சாய்ந்தோம். விழுந்தோம் என்றும் சொல்ல முடியாது, படுத்தோம் என்றே சொல்லலாம். அபாயா முழுக்க வைக்கோல். வானம் மேலே அசையாமல் நின்றது. “அல்லாஹ்வே, கால்! கால் நோகுதா மச்சான்?” என்று புரண்டு பார்த்தேன்.

நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். வாய் திறந்து, கண்ணில் நீர் வர. கடல் வந்த காலைக்குப் பிறகு நான் கேட்காத சிரிப்பு.

“துருசப் பூட்டினா உடன நிக்குமா புள்ள? வாய்க்கால்ல இறங்கின தண்ணி அது பாட்டுக்கு ஓடத்தானே செய்யும்.”

மாட்டுக்காரர் வந்து வண்டியை நிமிர்த்தித் தந்தார். “ஆரு மச்சான் ஓட்டின?” என்று உங்களிடம் கேட்டார். “எங்கட டீச்சர்தான்,” என்றீர்கள், பரிசளிப்பு விழாவில் பேசுவது போல.

வயலில் இலுக்குப் புல் இடுப்பளவு நின்றது. தடியால் விலக்கி விலக்கி, பழைய வரம்பைக் காலாலேயே கண்டுபிடித்து நடந்தீர்கள். நான் நாவல் மரத்தடியில் சோற்றுப் பார்சலோடு காத்திருந்தேன். தூரத்தில் உங்கள் தொப்பி மட்டும் புல்லுக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. பின்னேரம் அஸர் தொழுகை நேரம் நெருங்கத் திரும்பி வந்தீர்கள். சப்பாத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலே ஏறினீர்கள்.

“வயல் கேட்ட அந்தாளுக்கு இல்லெண்டு சொல்லிரு.”

“ஏன் மச்சான்?”

“வாற வழியத்தான் நீ படிச்சிட்டியே.”

அந்த மாரிக்கே விதைத்தோம். பிறகு வந்த வருடங்களில் எத்தனை பயணம், எத்தனை தட்டு! லாத்தா கூட ஒருநாள் பின்னால் ஏறி வந்து நாவற்பழம் பொறுக்கினார். என் சப்பாத்தின் கறுப்பு மெல்ல மெல்ல ஊறியது அப்போதுதான். நீங்கள் மவுத்தாகி, நான் வீட்டுக்குள் இத்தாத் துக்கம் காத்தபோது மோட்டார் சைக்கிள் சுவரோரம் தூசியோடு நின்றது. வெளியே வந்து உதைத்துப் பார்த்தேன்; உயிர் வந்தது. முழங்கால் இடம் கொடுக்கும்வரை ஓட்டினேன். இப்போது நம் வயலைச் செய்கிறவர் அதை ஓட்டுகிறார். நான் ஓடுகிற கதிரைக்கே திரும்பிவிட்டேன். நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று தெரியும்.

வட்டைக்கு இப்போது தார் போட்ட கார்ப்பெட் வீதி. ஸ்கூட்டியே வயல் வரை போகும். போன கிழமை அறுவடை பார்க்கப் போனேன். பாலத்தில் ஏறும்போது என்ஜின் கொஞ்சம் முனகியது. ஸ்கூட்டியில் செய்வதற்கு ஒன்றுமில்லை. அது தானாகப் பார்த்துக்கொள்ளும். ஆனாலும் செருப்புக்குள் இடது பெருவிரல் எழும்பி, அங்கே இல்லாத ஒன்றைத் தேடியது. காற்றில் வெட்டிய நெல்லின் மணம். பின் இருக்கை வெறுமை.

நீங்கள் தட்டுவதற்கு வசதியாக, இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தேன், மச்சான்.