மச்சானின் பெயர் இல்லாத தீர்ப்பு

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

சென்னையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். எனக்கு விடுதலை. இதை முதலில் உங்களிடம்தான் ஓடிவந்து சொல்லியிருப்பேன். நீங்கள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு நம் மலைமேல் செம்மேட்டுச் சந்தையில் முதலில் பேசியது நீங்கள். "தலைமுறையா உழுத காட்டுல ராகி வெதச்சா கேஸு போடறாங்க. நோவு வந்தவனைக் கீழ கொண்டுபோக ஒரு ரோடு இல்லீங்க. இந்த சர்க்காரு நமக்கு ஆகாதுங்க. அடுத்த ஓட்டுல இறக்கிப் போடுவோமுங்க." அடுத்து நான் எழுந்து அதையேதான் சொன்னேன். புதிதாகச் சொல்ல எனக்கு என்ன தெரியும்?

அதற்கு ராஜத்துரோகம் என்று பெயர் வைத்தார்கள். கீழ்க் கோர்ட்டில் இரண்டு பேருக்கும் சிறைத்தண்டனை. வக்கீல் சென்னைக்கு அப்பீல் போட்டார். ஜாமீன் உத்தரவு வந்து சேர்வதற்குள் ஜெயிலிலேயே காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

ஜாமீனில் வெளியே வந்த நானும் ஊர்க்காரர்களும் மலையடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் உங்களை லாரியில் கொண்டுவந்தோம். அங்கிருந்து மலைப்பாதையில் ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்துத் தூக்கி ஏறினோம். வழியெல்லாம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. துக்கம் மட்டுமல்ல மச்சான், பயமும்தான். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அதிகாரிகள் வந்து குறை கேட்டால், "எல்லாம் நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு நம் ஆட்கள் நகர்ந்துவிடுகிறார்கள்.

அப்புறம் டெல்லியில் ஒரு தீர்ப்பு வந்தது. வடக்கே யாரோ மேடையில் பேசிய வழக்காம். சர்க்காரை எவ்வளவு கடுமையாகக் குறை சொன்னாலும் குற்றமில்லை, கலகத்துக்குத் தூண்டினால்தான் குற்றம் என்று அங்குள்ள பெரிய கோர்ட் சொல்லிவிட்டது. நம் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடினார். நீதிபதி என் பேச்சைப் படித்துப் பார்த்துவிட்டு, "ஓட்டுப் போட்டு இறக்குவோம் என்பதில் கலகம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். என் தண்டனையை ரத்து செய்தார்.

வெளியே வந்ததும் வக்கீலிடம் கேட்டேன். "எங்க மச்சானுக்கும் இதே தீர்ப்புத்தானுங்களே?"

"இல்லப்பா. அவர் இறந்ததும் அவரோட அப்பீலும் முடிஞ்சுபோச்சு. அவரைப் பத்திக் கோர்ட் இனிமே ஒண்ணும் சொல்லாது."

"அப்ப கீழ்க் கோர்ட்டு சொன்னது அப்படியே நிக்குமுங்களா?"

"ஆமாப்பா, நிக்கும்" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது விடுதலையான சந்தோஷம் எனக்குக் கொஞ்சமும் இல்லை.

அக்கா களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன கண்ணு சொன்னாங்க?"

"என்னைய உட்டுட்டாங்க அக்கா."

"அவரை?"

வக்கீல் சொன்னதைச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள். "ரெண்டு பேரு பேசுனதும் ஒரே பேச்சுத்தான கண்ணு? உசுரோட இருந்தாத்தான் நாயமா?"

மச்சான், நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

மறுநாள் அவளே வந்தாள். "கோர்ட்டு சொல்லாட்டிப் போவுது. அவரு பேசுனது தப்பில்லைன்னு சனங்களுக்கு நீ சொல்லு சாமி" என்றாள்.

சொல்லப் போகிறேன். நம் மலையில் வாழவந்தி நாட்டில் தொடங்கி, ஆலத்தூர் நாடு, பெரக்கரை நாடு என்று ஒரு ஊர் விடாமல் போவேன். சர்க்காரைக் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு என்று கோர்ட்டே சொல்லிவிட்டதைச் சொல்வேன். நீங்கள் குற்றம் செய்யாதவர் என்று உங்கள் பெயரைச் சொல்லிப் பேசுவேன். பயந்து எழுந்து போகிறவர்கள் போகட்டும். எல்லா ஊரிலும் முதல் ஆளாக வந்து உட்காருவதாக அக்கா சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்களுக்கு அடுத்துப் பேசிய மச்சினன்,
சடையன்