பழப்பாணும் பழைய பிரிட்ஜும்

அன்புள்ள அத்தான்,

அழுது எழுத எனக்கு வராது. நீங்களும் அப்படிப்பட்ட கடிதத்தை இரண்டு வரிக்கு மேல் வாசிக்கமாட்டீர்கள். ஆகவே செய்தியை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் மகள் ரொஷானிக்கு முதல் நற்கருணை நல்லபடி முடிந்தது. தலையில் வைத்த பூமுடி பூசை முழுக்க ஒரு பக்கம் சரிந்தே இருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. யாருடைய குணம் என்று நான் சொல்ல வேண்டுமா?

ஆனால் அன்றைக்கு வீட்டில் ஆட்கள் கூடுவார்களா என்பது முதல்நாள் பின்னேரம் வரை நிச்சயமில்லை. நீங்கள் கண்ணை மூடிய பிறகு அக்கா யாரையும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. நத்தார்ப் பண்டிகைக்குக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தாள். இந்தத் தடவை ரொஷானி விடவில்லை. பழம் போட்டு அப்பா சுட்டுத் தந்த ரொட்டி, அந்தப் பழப்பாண்தான் வேண்டும், அதை வெட்டிக் கொடுக்க ஆட்களும் வேண்டும் என்று நின்றாள்.

கடைசியில் அக்கா சொன்னாள்: "சரி, செஞ்சு பாப்போம். மாவு பொங்கினா எல்லாரையும் கூப்புடுவோம். இல்லன்னா பூசை முடிஞ்சு நேரா வீடு. யாரும் வேணாம்."

பிள்ளையின் விருந்தை ஈஸ்ட்டின் தலையில் கட்டுவது என்ன நியாயம் என்று கேட்டேன். "நீ வாய மூடிக்கிட்டு சாதிக்காய சுரண்டு" என்றாள்.

சுரண்டினேன். கறுவாப்பட்டையும் கராம்பும் இடித்தேன். பிளம்ஸையும் பேரீச்சம்பழத்தையும் உங்களைப் போலவே பால் சேர்க்காத கடும் தேத்தண்ணியில் அக்கா ஊறப்போட்டிருந்தாள். எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, பேசினை ஈரத்துணியால் மூடி, பிரிட்ஜின் மேல் வைத்தாள். நீங்கள் வைக்கிற அதே இடம்.

மாவு அசையவில்லை. வெளியே நம் பன்வில ஊருக்கே உரிய மழையும் குளிரும். அக்கா துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். எனக்குப் பொறுமை கிடையாது, உங்களுக்குத் தெரியும். பேசினைத் தூக்கி ஓவனுக்குள் வைத்து, ஆகக் குறைந்த சூட்டில் திருப்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஓரமெல்லாம் வெந்து ரப்பராகிவிட்டது. நடுவில் அதே பச்சை மாவு.

"முடிஞ்சிச்சு" என்றாள் அக்கா. கோபமில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ரொஷானி அறைக்குள் போய்விட்டாள்.

சும்மா நிற்க முடியாமல் பிரிட்ஜின் மேல் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது.

அத்தான், நான் பிரிட்ஜ் திருத்துகிறவன். இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். உங்கள் பழைய பிரிட்ஜுக்குப் பின்னால் கறுப்புக் கம்பி வலை இருந்தது. உள்ளே இருக்கிற சூடெல்லாம் அது வழியாகத்தான் மேலே ஏறும். அந்தச் சூட்டில்தான் உங்கள் மாவு பொங்கியது. இப்போது வீட்டில் இருப்பது புதுசு. அதற்குப் பின்னால் வலையும் கிடையாது, மேலே சூடும் கிடையாது. பழையதை எடுத்துப் போகச் சொன்னது அக்காதான். அது உதறி உதறி நிற்கிற சத்தம் கேட்டால் நீங்கள் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது என்றாள். நான்தான் புதியதைக் கொண்டுவந்து பூட்டினேன்.

பழையது எங்கே? வத்துகாமத்தில் என் வேலைத்தலத்தில், கழற்றி உடைக்க வைத்திருந்தேன். இன்னும் உடைக்கவில்லை.

"இன்னொரு தரம் பிசை" என்றேன். "பழம் மிச்சம் இருக்குதானே?"

"பைத்தியமா ஒனக்கு?"

"பிசைக்கா. சூடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

ஆட்டோவில் அக்கா பேசினை மடியில் வைத்து, சால்வையால் போர்த்திக்கொண்டாள். ஆட்டோக்காரத் தம்பி கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கேட்டான்: "என்னக்கா, கைப்புள்ளயா?"

"ஆமா, தூங்குது. குழியில விடாம ஓட்டு."

அவள் பகிடி விட்டு எவ்வளவு காலமாயிற்று? ரொஷானி அவள் தோளில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள்.

வேலைத்தலத்தில் பழைய பிரிட்ஜை இழுத்துப் பிளக்கைச் சொருகினேன். உங்கள் பிரிட்ஜ் வழக்கம்போல உறுமிவிட்டு ஓடத் தொடங்கியது. பின்வலை சூடேறியதும் பேசினை மேலே வைத்தோம். அக்கா வாசலுக்குப் பக்கத்தில், தூரமாக ஒரு கதிரையில் உட்கார்ந்தாள். கொம்பிரசர் முதல் தடவை உதறி நின்றபோது அவள் உடம்பும் உதறியது. அடுத்த தடவை நின்றபோது எழுந்து வந்தாள். பிரிட்ஜின் பக்கவாட்டில் கையை வைத்தபடி அங்கேயே நின்றாள். நான் ஸ்குரூ டிரைவர் தேடுகிற மாதிரி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது ரொஷானி கத்தினாள்: "அம்மா, துணி மேல வந்திருச்சு!"

பொங்கியிருந்தது. அதிசயம் ஒன்றுமில்லை, வெறும் வெப்பம். அக்கா ஃபோனை எடுத்து அங்கிருந்தபடியே ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினாள். "நாளைக்கு பூசை முடிஞ்சு வீட்டுக்கு வந்துருங்க. ஆமா, பழப்பாண் இருக்கு."

வந்தார்கள். தெல்தோட்டையில் இருந்து உங்கள் தம்பி குடும்பத்தோடு வந்தார். கறுவா கூடிவிட்டது என்றார். உண்மைதான், என் கை. ஆனாலும் மூன்றாவது துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

பிரிட்ஜை வீட்டுக்குக் கொண்டுவரவா என்று அக்காவிடம் கேட்டேன். "வேணாம். அங்கயே இருக்கட்டும். மாவு பிசைஞ்சா நான் வந்து பாத்துக்கிறேன்" என்றாள்.

ஆகவே என் வாக்கு இது, அத்தான். அதை உடைக்கமாட்டேன். கேஸ் இறங்கினால் மறுபடி அடித்து நிரப்புவேன், ரிலே போனால் மாற்றுவேன். அந்த உதறலை நிறுத்த ஒரு ரப்பர் துண்டு போதும். அதை மட்டும் போடமாட்டேன்.

இப்படிக்கு,
நீங்கள் 'பிரிட்ஜ் டொக்டர்' என்று கேலி செய்த
உங்கள் மச்சினன்